துண்டுக்கடியில் நைனாவின் கை

எட்டாம் வகுப்புக்கு மூளைப் பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் நான் வரைகிற மூளை பாதியாக வெட்டிய முட்டைக்கோஸ் போலத்தான் வரும். பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று மூன்று அம்புக்குறிகளைப் போட்டு, சிந்திப்பது, பேசுவது, நினைவில் வைப்பது என்று வேலைகளை எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. எதிரே இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதும் அதே மூளையின் வேலைதான் என்று புத்தகத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை. போடாததே நல்லது. அந்த வேலையை நம் மூளை பார்க்கிற லட்சணத்துக்கு அதற்கென்று ஓர் அம்புக்குறி வேறு கேடா என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த அலட்சியம் எனக்கு வந்தது எண்பதுகளில், செஞ்சியில், எங்கள் வீட்டு முன்னறையில். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். என் நைனா மாட்டுத் தரகர்.

தரகர் என்றால் பேசிப் பிழைப்பவர். நைனா பேசினால் கிழட்டுக் காளைகூடக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். வாயைப் பிளந்து பல்லைக் காட்டி வயதைச் சொல்வார். மயிர்ச்சுழியைத் தடவி அது வந்த வீட்டில் என்னென்ன நன்மை நடக்கும் என்று சொல்வார். "இன்னாங்க இப்படிச் சொல்லிட்டீங்க, லட்சுமிங்க இது" என்று ஆரம்பித்தால் சந்தையில் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்பார்கள். விலையை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். வாங்குகிறவர் கையும் நைனாவின் கையும் ஒரு துண்டுக்கடியில் போய்விடும். எந்த விரலை, எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது தெரியும், அவ்வளவுதான். மேலே வாய் மாட்டைப் புகழ்ந்துகொண்டே இருக்கும், கீழே விரல்கள் தம் பாட்டுக்கு வியாபாரத்தை முடிக்கும். வாடிக்கைக்காரர்களுக்கு விலையைத் தவிர வேறு சேதிகளும் விரல் வழியே போகும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். என்ன சேதி என்று அவளுக்கும் தெரியாது. பெண்களுக்குத் துண்டுக்கடியில் வேலை கிடையாது.

நான் திண்டிவனத்தில் விலங்கியல் படித்து, பிறகு ஆசிரியர் பயிற்சியும் முடித்தேன். தர்மபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தேன். பொம்பளைப் பிள்ளை ஊர் விட்டு ஊர் போய்த் தனியாக ரூம் எடுத்துத் தங்குவதா என்று நைனா குதித்தார். மறுவாரமே ஒரு கல்யாணத் தரகரை வீட்டுக்குக் கூட்டிவந்து, என்னை வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"நல்ல உடம்பு. இதுநாள் வரைக்கும் ஒரு காய்ச்ச தலைவலின்னு படுத்ததில்ல. பல்லு வரிசையைப் பாருங்க. சொன்ன பேச்சக் கேக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சுழி எங்க இருக்குன்னும் சொல்லிடுங்க நைனா, பாவம், அவரு தேடிக்கினு இருக்கப் போறாரு" என்றேன்.

வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். நைனா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த மூன்று மாதத்துக்கும் சொல்லவில்லை. சந்தையில் ஊருக்கெல்லாம் பேசுகிறவர் வீட்டில் என்னைப் பார்த்தால் உத்தரத்தைப் பார்ப்பார். எனக்கும் ரோஷத்துக்குக் குறைவில்லை. அவரே வந்து பேசட்டும் என்று இருந்தேன்.

மூன்று மாதம் அவர் பேசவில்லை. அதற்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்களுக்குள் ஒரு வார்த்தைகூட நடக்கவில்லை.

சந்தையில், பேரத்தின் நடுவில்தான் அது வந்தது. துண்டுக்கடியில் நைனாவின் வலது கை சட்டென்று தொய்ந்துவிட்டது. வாங்க வந்தவருக்கு அது நோயாகத் தெரியவில்லை. கேட்ட விலை கட்டுப்படியாகாமல் தரகர் கையைத் தளர்த்திப் பிகு பண்ணுகிறார் என்று நினைத்து, அவர் விலையை ஏற்றியிருக்கிறார். கை அசையாததைப் பார்த்து இன்னொரு தடவையும் ஏற்றியிருக்கிறார். நைனா பக்கவாட்டில் சரிந்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. நைனாவின் தொழில் வாழ்க்கையில் மிக நல்ல விலை படிந்த மாடு அதுதான் என்று சந்தையில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்தோம். என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு டாக்டர், மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூளையை வரைந்து காட்டினார். அவர் வரைந்ததும் முட்டைக்கோஸ்தான். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"இடது பக்கத்துல ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்மா. வலது கை கால் விழுந்தது அதனாலதான். வார்த்தையத் தேடி எடுக்கிற இடமும் அந்தப் பக்கம்தான். என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியும், ஆனா வார்த்தை வராது. நீங்க பேசறதும் பாதிதான் புரியும்."

"மீதிப் பாதி?"

"அத உங்க முகத்தப் பார்த்துப் புரிஞ்சிப்பாரு. குரல்ல இருக்கிற கோபம், கிண்டல், அன்பு இதையெல்லாம் கவனிக்கிற வேலை பெரும்பாலும் வலது பக்கத்துல நடக்குது. அது நல்லா இருக்கு. நீங்க சிரிச்சிக்கிட்டே பொய் சொன்னா கண்டுபிடிச்சிடுவாரு. இன்னொண்ணு, ஆமா இல்லைன்னு தலையாட்டினா நம்பாதீங்க. ரெண்டும் மாறி மாறி வரும்."

நான் விலங்கியல் படித்தவள் என்பதைக் காட்டிக்கொள்ள இரண்டு ஆங்கில வார்த்தைகளைப் போட்டு ஒரு கேள்வி கேட்டேன். அம்மா, "பேச்சு வர்றதுக்கு மாத்திர ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள். இரண்டு கேள்விகளுக்கும் டாக்டர் ஒரே மாதிரிதான் தலையை அசைத்தார்.

வீடு திரும்பியபோது நைனாவிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "அப்புறம்." பேரத்தில் இடைவெளி விழும்போதெல்லாம் அவர் போடுகிற சொல் அது. ஆயிரக்கணக்கான தடவை சொன்னதால் அது தேய்ந்து போய் மூளையின் வேறு ஏதோ மூலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமானாலும் அப்புறம், கால் வலித்தாலும் அப்புறம்.

ஒரு சொல் என்று சொல்வது முழு உண்மையில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து அவர் போர்வையைச் சவைத்தபோது, ஒரே மூச்சில் மூன்று கெட்ட வார்த்தைகள் தெள்ளத்தெளிவாக வந்தன. அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து சந்தோஷத்தில் அழுதாள். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கெஞ்சினாள். நைனா அவளைப் பார்த்துச் சிரமப்பட்டு வாயைக் கோணி, "அப்புறம்" என்றார். திட்டும் சொற்கள் யோசிக்காமல் தானாக வருபவை, அவை போகும் பாதை வேறு என்று மறுமுறை போனபோது டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகும் அம்மா அந்த ஆட்டை இரண்டு மூன்று தடவை உள்ளே ஓட்டிவிட்டுப் பார்த்தாள்.

பார்க்க வருகிறவர்கள் கூட்டம் குறையவில்லை. நலம் விசாரிக்க வந்தவர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுத் தையல்கடை பாய் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவார். துபாய் போன மகன் கடிதம் போடுவதில்லை என்பார். நைனா இறக்கிய குரலில் "அப்புறம்" என்பார். மருமகள் மதிப்பதில்லை என்பார். நைனா புருவத்தை உயர்த்தி "அப்புறம்?" என்பார். ஒரு மணி நேரம் கழித்து பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "உங்க நைனாகிட்ட பேசினா மனசே லேசாயிடுதும்மா, எவ்ளோ தெளிவா சொல்றாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். வாய் நன்றாக இருந்த காலத்தில் நைனா யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை.

சித்தப்பா தன்னைத்தானே மொழிபெயர்ப்பாளராக நியமித்துக்கொண்டார். நைனாவின் தம்பி. "அண்ணன் இன்னா சொல்றாருன்னா" என்று ஆரம்பித்து ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம் பொழிப்புரை சொல்வார். அண்ணன் சொல்வதெல்லாம் எப்படியோ சித்தப்பாவுக்கு வேண்டியதாகவே இருக்கும். வண்டிமாட்டைத் தம்பி ஓட்டிப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் அவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பு. அம்மாவின் மொழிபெயர்ப்பு வேறு. அதில் நைனா எப்போதும் மருந்து வேண்டும் என்றும் அம்மா அருகில் இருக்க வேண்டும் என்றும்தான் சொல்வார்.

நான் இவர்களை எல்லாம் உள்ளுக்குள் எள்ளினேன். என் முறை விஞ்ஞான முறை. சொல்லை விட்டுவிட்டு அதன் ராகத்தைக் கவனிக்க வேண்டும். ஏறினால் கேள்வி, இறங்கினால் சலிப்பு, நடுவில் ஆடினால் சம்மதம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். சீப்பு, கரண்டி, சாவி மூன்றையும் வரிசையாக வைத்து, "சாவியத் தொடுங்க நைனா" என்று பரீட்சை வைத்தேன். சீப்பைத் தூக்கி என் மேல் எறிந்தார். "கோபம், வலது மூளை நன்று" என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தால், எல்லாப் பக்கத்திலும் நைனா ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். நீ வேலைக்குப் போ.

தர்மபுரியிலிருந்து ஆர்டர் வந்தது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்து, ஆர்டரை விரித்துக் காட்டி, "நான் போகட்டுமா நைனா?" என்றேன். காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்புறம்" என்றார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு அழுதார். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமலும் அழுவார்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எனக்கு அந்த எச்சரிக்கை வேண்டியிருக்கவில்லை, காரணம்தான் வேண்டியிருந்தது. நைனாவை மீறிப் போக எனக்குத் தைரியம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தைரியம் இருந்தது. அந்த மூன்று மாதக் கோபம் இன்னும் அவருக்குள் இருக்கிறதா என்று தெரியாமல் அவரை விட்டுப் போகத்தான் மனசு வரவில்லை. கோபம் தீர்ந்தது என்று சொல்ல அவரிடம் வாய் இல்லை.

அதற்குள் சித்தப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். பக்கத்து ஊரான வல்லத்தில் பையனுக்கு உரக்கடை. பையனின் அப்பா இருபது வருஷமாக நைனாவிடம் உழவுமாடு வாங்குகிறவர். ஜாதகம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, எல்லாம் பொருந்தியிருக்கிறது. "அண்ணனுக்கு முழு சம்மதம். கண்ணால சொல்லிட்டாரு" என்றார் சித்தப்பா. நைனா இருக்கும்போதே ஒரு நல்லது நடந்துவிடட்டும் என்று அம்மாவும் சித்தப்பா பக்கம் சாய்ந்தாள். ஐந்தாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

பெண் பார்க்க எட்டுப் பேர் வந்தார்கள். நைனாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, தோளில் புதுத் துண்டு போட்டு, கட்டிலில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலை தெரியும். வந்தவர்கள் நைனாவைப் பார்க்கச் சங்கடப்பட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காபி கொடுத்துவிட்டு அடுக்களைக் கதவோரம் நின்றேன். பையனின் தாய்மாமன்தான் பேச்சைத் தொடங்கினார்.

"பொண்ணுக்கு ஒரு பதினஞ்சு சவரன் போட்டுடுங்க."

நைனா அவரை உற்றுப் பார்த்து, "அப்புறம்?" என்றார்.

தாய்மாமன் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தெம்பாகி, "பையனுக்கு ஒரு ஸ்கூட்டர்" என்றார்.

"அப்புறம்?"

"கட்டில், பீரோ… எல்லாரும் கொடுக்கறதுதான்."

"அப்புறம்?"

"கல்யாணத்த எங்க ஊர்ல வெச்சிக்கலாம், செலவு உங்களுது."

"அப்புறம்?"

தாய்மாமனிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. கேட்கத் துணிந்ததெல்லாம் கேட்டாகிவிட்டது, இன்னும் கேள் என்கிறார் பெண்ணின் அப்பா. அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "அவ்ளோதாங்க" என்றார், குற்றம் செய்தவர் மாதிரி.

"அப்புறம்?" என்றார் நைனா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். சித்தப்பா குறுக்கே பாய்ந்து, "அண்ணன் இன்னா சொல்றாருன்னா, எல்லாத்துக்கும் சம்மதம், மேல நாள் குறிக்கலாம்னு சொல்றாரு" என்றார்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த பையனின் அப்பா எழுந்தார். "வாயால பேசறது இருக்கட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் எங்க வழியில பேசிக்கறோம்" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு பேர் மடியிலும் பரப்பினார். நைனாவின் வலது கை செத்துக் கிடந்ததால் இடது கையை எடுத்துத் துண்டுக்கடியில் வைத்துக்கொண்டார். நல்ல காரியத்துக்கு இடது கையா என்று சித்தப்பா தொண்டையைச் செருமினார். அவர் கண்டுகொள்ளவில்லை.

துண்டு அசைந்தது. நைனாவின் முகத்தில் பல மாதங்களாக நான் பார்க்காத சந்தைச் சிரிப்பு வந்தது. "அப்புறம்… அப்புறம்" என்று ஒரு மாட்டைப் புகழ்கிற அதே குரலில், இதமாக, விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். துண்டு மறுபடி அசைந்து நின்றது.

பையனின் அப்பா கையை எடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. துண்டை நிதானமாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கதவோரம் நின்ற என்னை ஒரு தடவை, கொஞ்ச நேரம், பார்த்தார். ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்று எழுந்தார். மற்ற ஏழு பேரும் எழுந்தார்கள்.

நாலாம் நாள் அஞ்சலட்டை வந்தது. ஜாதகம் பொருந்தவில்லை.

வீட்டில் மூன்று கட்சி ஆகிவிட்டது. அண்ணன் விரலைக் கண்டமேனிக்கு ஆட்டி ஏதோ அவமானமாகச் சொல்லிவிட்டார் என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். கண்ணேறு என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். எனக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது. அந்த "அப்புறம்?"களின் ராகத்தில் இருந்த கிண்டல் அவர்களைச் சுட்டுவிட்டது. பையனின் அப்பா கதவோரம் என்னைப் பார்த்த பார்வையில் வெட்கமும் மரியாதையும் இருந்தன. முகத்தைப் படிக்க எனக்குத்தான் தெரியுமே.

நாலாம் தேதி காலையில் பெட்டியோடு நைனா முன்னால் நின்று, "போய்ட்டு வரேன் நைனா" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம்கூடச் சொல்லவில்லை. அதை நோட்டில் எழுதவில்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பஸ் திருவண்ணாமலையைத் தாண்டும் வரைக்கும் அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் அந்த அப்புறம் கதை எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆசிரியர்கள் அறையில் இரண்டு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். பேச்சு போனாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே வரதட்சணைக் கும்பலை விரட்டியவர் என் நைனா என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் நைனா கட்டிலில் இருப்பார், "அப்புறம்" என்பார், நான் தைலம் தடவிவிட்டு வருவேன். சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முகம் எதற்கென்று கேட்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

ஓர் அமாவாசையன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில், எலுமிச்சம்பழ மாலையும் கையுமாக, வல்லத்துக்காரர் நின்றிருந்தார். பையனின் அப்பா. நான் தலையைக் குனிந்து ஒதுங்கப் பார்த்தேன். அவரே கிட்டே வந்தார்.

"இன்னாம்மா, உடம்பு இப்ப தேவலயா?"

"நைனா அப்படியேதான் இருக்காருங்க."

"அவர இல்லம்மா. உன்னத்தான் கேக்கறேன்."

"எனக்கு இன்னாங்க? நல்லாத்தான் இருக்கறேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும்மா. நைனா அன்னிக்கே சொல்லிட்டாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மாலையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, என் முன்னால் தன் உள்ளங்கையை விரித்தார். கட்டைவிரல் நகத்தால் அதன் நடுவில் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினார்.

"இது எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது. மாட்டுல வெளிய தெரியாத குத்தம் இருந்தா, நகத்தால இப்படி ஒரு அழுத்து. மேல அவரு பாட்டுக்கு லட்சுமி மகாலட்சுமின்னு பேசிக்கினு இருப்பாரு. கீழ நகம் சொல்லிடும், இது உனக்கு வேணாம்னு. இருபது வருசத்துல மூணே தடவதான் அழுத்தியிருக்காரு. மூணும் தப்பல. ஒரு மாடு ஆறே மாசத்துல செத்துது."

"அன்னிக்கு?"

"ரெண்டு தடவ அழுத்தனாரும்மா." அவர் கண் கலங்கிவிட்டது. "சிரிச்ச மொகமா இருக்கறாரு, அப்புறம் அப்புறம்னு சொல்லிக்கினே இருக்கறாரு, நகம் உள்ள எறங்குது. பெத்த பொண்ணாச்சேன்னுகூடப் பாக்கல. வாடிக்கைக்கு உண்மையா இருந்தாரு. அப்பேர்ப்பட்ட மனுசன இனிமே எங்க பாக்கறது? நான் யாருகிட்டயும் மூச்சு விடல. என் பொஞ்சாதிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அமாவாசைக்கு அமாவாசை மலையனூர் ஆத்தாகிட்ட உனக்காகவும் வேண்டிக்கினுதான் வர்றேன்."

பொஞ்சாதியிடம் சொன்னார் என்றால் வல்லம் முழுக்கத் தெரியும். அன்று கதவோரம் என்னைப் பார்த்த அந்தப் பார்வை வெட்கமும் இல்லை, மரியாதையும் இல்லை. பரிதாபம். சந்தையில் நோஞ்சான் கன்றைப் பார்க்கிற பார்வை.

எனக்கு ஒரு குறையும் இல்லை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் நைனாவின் நகம் பொய் சொன்னது என்று ஆகிவிடும். இருபது வருஷ நாணயம் ஒரு பஸ் ஸ்டாண்டில் போய்விடும்.

"இப்ப தேவலாங்க" என்றேன். "முன்னைக்கு எவ்ளோவோ தேவல."

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ் வந்தது. கூட்டம் அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக்கு நடந்தேன். பாதி வழி வரைக்கும் தனியாகச் சிரித்தேன். வல்லத்தில் எனக்கு நோய் என்று பெயர் இருப்பதும் நல்லதுக்குத்தான், அங்கிருந்து இனி ஒரு வரனும் வராது. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என்னைக் காப்பாற்ற நைனா துண்டுக்கடியில் முதல் தடவையாகப் பொய் சொன்னாரா? ஆனால் அவர் வாயால் சொல்வதுதான் வியாபாரம், நகத்தால் சொல்வதுதான் நிஜம். வாயால் என்னை நல்ல உடம்பு, நல்ல பல் என்று புகழ்ந்தவர், கேட்பவன் பதறும்படி எதிர்த்துப் பேசிய மகளைக் குற்றமுள்ளது என்று நிஜமாகவே நம்பியிருந்தால்? சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்துக்கு அதுதான் அர்த்தமா? இல்லை, நோயாளியின் கை சும்மா வெட்டி இழுத்ததா? ராகத்தைப் பற்றி இரண்டு வருஷம் நான் சொன்ன கதையெல்லாம் நானே கட்டியது. சித்தப்பா கறிக்காகக் கட்டினார், நான் வேலைக்காகக் கட்டினேன். வேறு வித்தியாசம் இல்லை.

நைனா கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மா சோறு எடுத்து வைக்கப் போனாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில், வல்லத்துக்காரர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு பேர் மடியிலும் போட்டேன். அவருடைய இடது கையைத் தேடி எடுத்து, அதற்குள் என் உள்ளங்கையை விரித்து வைத்தேன்.

நைனா துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெண்ணின் கை அங்கே வந்ததில் அவருக்குத் திகைப்பு இருந்திருக்க வேண்டும். இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன், இருந்தது என்று சொல்ல மாட்டேன். மெதுவாக அவர் கட்டைவிரல் நகர்ந்து என் உள்ளங்கையின் நடுவுக்கு வந்தது. சிறு வயதில்கூட அவரிடம் நான் இப்படிப் பயந்ததில்லை.

விரலின் சதைதான் பட்டது. அங்கேயே தங்கிவிட்டது.

"அப்புறம்?" என்றார்.

இந்தத் தடவை நான் அதற்கு அர்த்தம் தேடவில்லை, பதில் சொன்னேன். பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், ரூமில் மழைக்கு ஒழுகுவதைச் சொன்னேன், மூளைப் படத்தை முட்டைக்கோஸ் என்று கத்திய பையன்களைச் சொன்னேன். கல்யாணத் தரகர் முன்னால் அப்படிப் பேசியது தப்புதான் நைனா என்றும் சொன்னேன். நடுநடுவே அவர் "அப்புறம்?" என்றார். சோறு ஆறிப்போகுது என்று அம்மா இரண்டு தடவை கத்தினாள். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் என் உள்ளங்கை அவர் கைக்குள்ளேயே விரிந்திருந்தது. நகம் படவில்லை.